நாட்றம்பள்ளி: ஒரு சிற்றூரின் சரித்திரமும் ஜனத்தொகையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றிப் பேசுவோர்க்கு மேடைகளும் நூல்களும் குறைவின்றி இருக்கின்றன. பஸ் நிற்கும் வேளையில் பெயர்ப்பலகையால் மட்டும் பிரயாணிகளுக்கு அறிமுகமாகும் ஒரு சிற்றூருக்கோ, சரித்திரம் என்று ஒன்று உண்டு எனச் சொல்ல அவ்வூரில் பிறந்தவர்களே தயங்குகிறார்கள். அத்தயக்கத்துக்கு இடமில்லை என்பதும், நாட்றம்பள்ளி போன்ற ஊரின் சரித்திரம் அதன் ஜனத்தொகையின் ஏற்ற இறக்கங்களிலேயே பெரும்பாலும் பொதிந்து கிடக்கிறது என்பதும், ஆயினும் அதை வெளியே எடுக்க வேண்டுமாயின் எண்களைப் படிக்கும் முறையை நாம் முதலில் கற்றாக வேண்டும் என்பதும் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்துகளாகும்.

சிற்றூர்ச் சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர் வரிசையொன்றைத் தொகுத்துத் தருவதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். பல்லவர், கங்கர், சோழர், விஜயநகர நாயகர், மைசூர் ஹைதர் அலி, திப்பு சுல்தான், கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) என்று நீளும் அவ்வரிசையில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அதே வரிசையைப் பக்கத்து ஊருக்கும், அதற்கடுத்த ஊருக்கும் எழுத்து மாறாமல் எழுதிக்கொள்ளலாம் என்பதால், அது எந்த ஊருக்கும் உரிய சரித்திரம் ஆகாது. ஆண்டவர்கள் பலர் இவ்வூரைக் கண்ணால் கண்டதும் இல்லை. இங்கே உழுதவர், நெய்தவர், வண்டி ஓட்டியவர், பிறந்தவர், மடிந்தவர், பிழைப்புத் தேடிப் போனவர், போய்த் திரும்பியவர் ஆகியோருடைய தொகைதான் இவ்வூருக்கே உரியது.

இவ்வூரின் கிடக்கையை முதலில் நினைவில் கொள்வோம். வாணியம்பாடியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே ஏலகிரி மலையும் வடக்கே பச்சூர் ரயில் நிலையமும் வடமேற்கே ஆந்திர எல்லையும் குப்பமும் அமைய, சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட பழைய போக்குவரத்து வழியின் மேலேயே நாட்றம்பள்ளி இருக்கிறது. தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் பிரதேசம் இது. கணவாய்களின் வழியாகக் கர்நாடகப் பீடபூமியிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்குவோரும் கீழ்நாட்டிலிருந்து மேலே ஏறுவோரும் கடந்தே தீரவேண்டிய நிலப்பகுதியாதலால், படைகளும் வணிகமும் பஞ்சத்தில் அடிபட்டோரும் இவ்வழியே போயிருக்கிறார்கள்.

செங்கம், திருப்பத்தூர்ப் பகுதிகளில் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களை நீங்கள் அறிவீர்கள். ஆநிரை மீட்டு வீழ்ந்தவனின் பெயரையும் அவன் காலத்து அரசனின் ஆட்சியாண்டையும் பொறித்த அக்கற்களே இப்பிரதேசத்தின் மிகப் பழைய மரணக் குறிப்புகள் என்று சொல்லலாம். ஆயினும் அவை வீரனை மட்டுமே பதிவு செய்தன. அவனுடைய தாயும் மனைவியும், அவனோடு மாடு மேய்த்த சிறுவர்களும், அவ்வாண்டில் காய்ச்சலில் மாண்டவர்களும் எந்தக் கல்லிலும் இல்லை. எளியோரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே நுழைய அதன்பின் பல நூற்றாண்டுகள் ஆயின. அப்போதும் அது கருணையால் நுழையவில்லை, வரி வசூலுக்காகவே நுழைந்தது.

1767-இல் முதல் மைசூர் யுத்தத்தில் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் ஹைதர் அலியின் கைக்குப் போயின. ஆம்பூர்க் கோட்டை மட்டும் முற்றுகையைத் தாங்கி நின்றது. அதன்பின் ஏறக்குறைய 25 ஆண்டுகள் இந்தப் பள்ளத்தாக்குகள் இரண்டு அரசுகளின் இடையே அல்லல்பட்டன. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, இப்பகுதியை உள்ளடக்கிய பாராமகாலும் சேலமும் கும்பினியார் வசமாகவே, அவற்றை நிர்வகிக்கக் காப்டன் அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாளராக வந்த இளம் இராணுவ அதிகாரிகளுள் ஒருவர்தாம் பிற்காலத்தில் மதராஸ் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ. ஜமீன்தாரை இடையில் வைக்காமல் ஒவ்வொரு குடியானவனோடும் நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறையின் முதற் பரிசோதனை நடைபெற்றது இப்பிரதேசத்தில்தான்.

ஒவ்வொரு குடியானவனோடும் பேச வேண்டுமாயின் ஒவ்வொரு குடியானவனையும் அறிய வேண்டும். அறிய வேண்டுமாயின் எண்ண வேண்டும். ரீடும் அவருடைய உதவியாளர்களும் நிலத்தை அளந்தார்கள். குடிகளையும் அவர்தம் தொழில்களையும் விளைபொருள்களையும் பற்றிக் குறிப்புகள் சேர்த்தார்கள். அவையெல்லாம் பின்னாளில் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் மதராஸ் அரசாங்கத்தால் பகுதி பகுதியாக அச்சிடப்பட்டன. குடிகளைப் பற்றி அதில் தனிப் பகுதியே உண்டு. தீர்வைக்காகத் தொடங்கிய கணக்கே நமக்குச் சரித்திர ஆதாரமாக மிஞ்சியிருப்பது காலத்தின் வினோதங்களுள் ஒன்று.

இனி, எண்களைப் படிக்கும் முறைக்கு வருவோம். ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்த கணக்கெடுப்புக்கும் இடையே ஒரு பிரதேசத்தின் தொகை குறைந்திருக்கக் கண்டால், மூன்றில் ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும்: மக்கள் மடிந்திருக்க வேண்டும், அல்லது எல்லைக்கோடு நகர்ந்திருக்க வேண்டும், அல்லது மக்கள் வேற்றிடம் பெயர்ந்திருக்க வேண்டும். அட்டவணையில் மூன்றும் ஒரே தோற்றத்தோடு நிற்கும். அவற்றைப் பிரித்தறியாதவன் மயானத்தையும் தாலுகாக் கச்சேரியையும் ரயில் நிலையத்தையும் ஒன்றெனக் கொள்பவன் ஆவான். நாட்றம்பள்ளியின் சரித்திரத்தில் இம்மூன்றும் தெளிவாகவே நிகழ்ந்திருக்கின்றன.

முதலாவது மரணம். மதராஸ் ராஜதானியில் 1871-இல் முறையான கணக்கெடுப்பு நடைபெற்றபோது, திருப்பத்தூர் தாலுகாவை உள்ளடக்கிய அன்றைய சேலம் ஜில்லாவின் தொகை 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881-இல் அது 16 இலட்சத்துக்கும் சற்றே குறைவு. பத்தே ஆண்டுகளில் 3 இலட்சத்து 67 ஆயிரம் பேர் ஏட்டிலிருந்து மறைந்தார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல். சாதாரண காலத்தில் பிறந்து பெருகியிருக்க வேண்டியவர்களையும் சேர்த்தால் இழப்பு இதனினும் பெரிது. இடையே வந்தது 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் மழையையே நம்பியிருந்த இந்த மேட்டு நிலத்தில், பருவமழை பொய்த்ததும் கேழ்வரகும் சோளமும் கருகின. கூலிக்கு வேலை இல்லை. வேலை இன்மையால் கையில் காசு இல்லை. தானியம் ரயிலில் வந்து இறங்கியபோதும் வாங்குவாரின்றிப் பட்டினி நீடித்தது. பட்டினி மெலிவித்த உடம்புகளை வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கொண்டுபோயின.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை மதராஸில் நடத்தி அதன் அறிக்கையை எழுதியவர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்னும் சுகாதார அதிகாரி. பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துமாறு வைசிராயின் அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் அதற்கு மேல் அற்பக் காசும் போதும் என்று 1877-இல் விதித்தபோது, அந்த அளவில் மண் சுமக்கும் உடம்பு பிழைக்காது என்று வைத்திய சாஸ்திர ஆதாரத்தோடு எதிர்த்து நின்றவரும் அதே கார்னிஷ்தான். அவ்வாண்டிலேயே மதராஸ் அரசாங்கம் கூலியை உயர்த்த நேர்ந்தது. மக்களை ஒருமுறை முறையாக எண்ணிப் பார்த்தவனுக்கு, அவர்களுள் எத்தனை பேர் குறைந்தாலும் கேடில்லை என்று சொல்ல நா எழாது போலும்.

1891-இல் சேலம் ஜில்லாவின் தொகை 19 இலட்சத்து 63 ஆயிரம். அதாவது, 1871-இல் இருந்த நிலைக்குத் திரும்பவே இருபது ஆண்டுகள் போதவில்லை. 1901-இல் 22 இலட்சத்தைத் தாண்டியது. ஜில்லாவின் இக்கணக்கு நாட்றம்பள்ளிக்கும் அதைச் சூழ்ந்த பச்சூர், கொத்தூர், வெலகல்நத்தம் முதலிய ஊர்களுக்கும் பொதுவான விதியைக் காட்டுகிறது. நிலமில்லாத கூலிகளும், புன்செய் ஒன்றையே நம்பிய சிறு குடியானவர்களும், தறி நெய்வோரும் முதலில் விழுந்தார்கள். பஞ்ச வருஷங்களில் பிறக்காமற்போன குழந்தைகளும் பிறந்தும் தங்காத குழந்தைகளும் அடுத்த தலைமுறையின் வரிசையையும் மெலிவித்துவிட்டார்கள்.

இரண்டாவது எல்லை. 1911-ஆம் ஆண்டுக் கணக்கில் சேலம் ஜில்லாவின் தொகை மீண்டும் 18 இலட்சத்துக்கும் கீழே இறங்கியிருப்பதைக் காண்பவர், இன்னொரு தாது வருஷம் வந்துபோயிற்றோ என்று திடுக்கிடுவார். ஒருவரும் அப்படி மடியவில்லை. நாமக்கல் தாலுகா திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடும், திருப்பத்தூர் தாலுகா வட ஆர்க்காட்டு ஜில்லாவோடும் சேர்க்கப்பட்டன, அவ்வளவே. 1881-இன் குறைவைச் செய்தது பஞ்சம்; 1911-இன் குறைவைச் செய்தது பேனா. சேலத்துக் குடிகளாகப் படுத்து உறங்கியவர்கள் மறுநாள் வட ஆர்க்காட்டுக் குடிகளாக எழுந்து அதே ஏரியில் அதே மாட்டைக் குளிப்பாட்டினார்கள்.

அப்பேனா அதன்பின்னும் ஓயவில்லை. 1989-இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தபோது இவ்வூர் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் அடங்கியது. அம்மாவட்டம் பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் திருப்பத்தூர் மாவட்டத்தின் பாகமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் தனித் தாலுகாவாக இல்லாத நாட்றம்பள்ளி, இன்று புதிய மாவட்டத்தின் நான்கு தாலுகாக்களுள் ஒன்றின் தலைமையிடம். ஆகவே இவ்வூரின் பழைய ஆதாரங்களைத் தேடும் மாணவன், 1911-க்கு முற்பட்டவற்றுக்கு லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் ஜில்லா மானுவலையும், பிற்பட்டவற்றுக்கு வட ஆர்க்காட்டு, வேலூர் ஆவணங்களையும் புரட்ட வேண்டும். வட ஆர்க்காட்டுப் பழைய மானுவலில் நாட்றம்பள்ளியைத் தேடிக் காணாமல், ஊரே அக்காலத்தில் இல்லை போலும் என்று முடிவுகட்டும் அபாயம் இதனால் தவிரும்.

மூன்றாவது பெயர்ச்சி. இதுவே நம் காலத்துக்கு மிக நெருங்கியதாதலால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கன்டோன்மென்ட் வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஒப்பீட்டுக்குச் சொன்னால், அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள இல்லினாய், அயோவா முதலிய ராஜ்யங்களில் ஏறக்குறைய அதே காலத்தில் ரயில் கம்பெனிகள் முதலில் தண்டவாளத்தைப் போட்டு, பிறகு அதன் ஓரமாக மனைகளை அளந்து விற்று ஊர்களை உண்டாக்கின.  பாதை செழித்தவரை ஊரும் செழித்தது. பண்ணைகள் பெருத்து ஆட்கள் தேவையற்றுப் போனதும் அவற்றுள் பல சுருங்கின. அங்கே ரயிலுக்குப் பின் ஊர். இங்கே பல நூற்றாண்டு ஊர்களின் நடுவே பிற்காலத்து ரயில். அது ஜோலார்ப்பேட்டை என்னும் ரயில்வே ஊரைச் சந்திப்பு நிலையத்தின் பேரில் வளர்த்தது. நாட்றம்பள்ளிக்கோ போகும் வழியைத் திறந்துவிட்டது.

அவ்வழியே போனவர்கள் சென்ற முதற் பெருந்தலம் கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பின்னர், பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை உடைக்கச் சென்றவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். அவர்களுள்ளும் நிலமற்ற, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. ஊரில் சேரியின் ஓரத்தில் நின்றவன் அங்கே மாதச் சம்பளம் பெற்றான்; பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினான்; சங்கம் வைத்தான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது, அவர்களுடைய சந்ததியார் மறுபடியும் ரயிலேறிப் பெங்களூரில் வேலை தேட நேர்ந்தது. தங்கவயலின் தொகையில் ஏறிய எண்கள் பல, இப்பிரதேசத்துக் கிராமங்களின் தொகையில் இறங்கிய எண்கள்தாம்.

இரண்டாவது தலம் பாலாற்றங்கரையின் தோல் நகரங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்ற வரிசையில் நாட்றம்பள்ளி எண்ணப்படுவதில்லை. அவ்வரிசைக்குக் கை கொடுத்த சிற்றூர்களுள் அது ஒன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பாதி பதனிட்ட தோலை லண்டன் சந்தைக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்து முஸ்லிம் வணிகர்கள் ஈட்டிய பொருள் 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியாகவும் இன்னும் பல கல்வி ஸ்தாபனங்களாகவும் பயன்பட்டது. தொட்டியில் இறங்கித் தோலை மிதித்த தொழிலாளியின் பங்கும் அப்பொருளில் உண்டு என்பதை மறக்கலாகாது. 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1970-களில் மத்திய அரசாங்கம் கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. தோல் அனுப்பிய ஊர்கள் மெல்ல மெல்லச் செருப்பும் ஷூவும் அனுப்பும் ஊர்களாயின.

இம்மாற்றத்தின் மனித அர்த்தம் யாதெனில், தோல் ஷாப்பு ஆண்களின் இடமாக இருக்க, ஷூ கம்பெனி பெரும்பாலும் பெண்களின் இடமாயிற்று என்பதே. அதிகாலையில் கம்பெனி பஸ் கிராமந்தோறும் நின்று, மேல்தோல் தைக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போய், இருட்டிய பின் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. வீட்டில் இருப்போர் ஊதுபத்தியும் பீடியும் சுற்றுகிறார்கள். கணக்கெடுப்புக்கு வருவோர் இரவில் தங்கும் வீட்டையே பார்ப்பதால், பகலெல்லாம் வேறோர் ஊரில் உழைக்கும் பெண் நாட்றம்பள்ளியின் தொகையிலேயே இடம்பெறுகிறாள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட அவள் கணவனோ பெங்களூரின் தொகையில் சேர்கிறான். ஒரே குடும்பம் இரண்டு ராஜ்யங்களின் கணக்கில் பிரிந்து நிற்கிறது.

தோல் தந்த வாழ்வுக்குப் பாலாறு விலை கொடுத்தது. கழிவுநீரால் கிணறுகளும் வயல்களும் கெட்டது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்குரிய விலையைத் தர வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டிச் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி குல்தீப் சிங், ஓய்வு பெற்ற பின் தொகுதி மறுவரையறைக் குழுவின் தலைவரானார். அக்குழு 2001-ஆம் ஆண்டு ஜனத்தொகையை ஆதாரமாகக் கொண்டு 2008-இல் முடிவு செய்த வரையறையில், 2006 தேர்தல் வரை இருந்த நாட்றம்பள்ளி சட்டமன்றத் தொகுதி நீங்கி, ஜோலார்ப்பேட்டைத் தொகுதி தோன்றியது. ஒரே நீதிபதியின் எழுத்து இப்பிரதேசத்தை இருமுறை தீண்டியது. முதன்முறை அதன் நீரை முன்னிட்டு, இரண்டாம் முறை அதன் எண்ணை முன்னிட்டு.

இதனால் ஜனத்தொகை என்பது கடந்த காலத்தை அறியும் கருவி என்ற அளவில் நில்லாமல், நாளைய அதிகாரத்தைப் பங்கிடும் அளவுகோலாகவும் இருக்கிறது என்பது விளங்கும். அமெரிக்கர்கள் 1790-இல் முதற் கணக்கெடுப்பை நடத்தியதே பிரதிநிதிகள் சபையின் ஸ்தானங்களைப் பிரித்துக்கொள்ளத்தான். நம் நாட்டில், ராஜ்யங்களுக்குரிய பாராளுமன்ற ஸ்தானங்கள் 1971-ஆம் ஆண்டுத் தொகையின் மேலேயே இன்றளவும் நிற்கின்றன. குடும்பக் கட்டுப்பாட்டை மேற்கொண்ட ராஜ்யங்கள் அதனால் நஷ்டமடையலாகாது என்று 1976-இல் தொடங்கிய ஏற்பாடு, 2026-க்குப் பின் நடைபெறும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. 2019-21 குடும்ப நலக் கணக்கீட்டின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 1.8 தான். ஒருகாலத்தில் பஞ்சத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிரதேசம், இன்று தானே அறிந்து தீர்மானித்துச் சில பிள்ளைகளோடு அமைகிறது; எண் மெலிவதில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், முன்னது துர்ப்பாக்கியம், பின்னது விவேகம். இவ்வேற்றுமையை எண்ணே சொல்லாது. சரித்திரம் அறிந்தவன்தான் சொல்ல வேண்டும்.

2011-க்கு அடுத்ததாக நடைபெற வேண்டியிருந்து தள்ளிப்போன கணக்கெடுப்பு 2027 மார்ச்சு முதல் நாளை ஆதார தினமாகக் கொண்டு நடைபெறும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இங்குள்ள இளைஞர்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பின், பழைய கிராமக் கணக்குகள் பல இடங்களில் சிதறிவிட்டன. எஞ்சிய அடங்கல்களையும் செட்டில்மென்ட் ரிஜிஸ்தர்களையும் தேடிப் படியெடுக்க வேண்டும். பள்ளிகளின் சேர்க்கை ஏடுகளும், கோவில், பள்ளிவாசல், தேவாலயங்களின் கணக்குகளும், இங்குள்ள இராமகிருஷ்ண மடத்தைப் போன்ற ஸ்தாபனங்களின் பழைய அறிக்கைகளும், எந்த ஆண்டில் எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்பதைக் காட்டக்கூடியவை. தங்கவயலிலிருந்து திரும்பிய முதியோரின் வாய்மொழியை அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி அரசாங்க அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தால், எந்தக் குறைவு மரணம், எந்தக் குறைவு எல்லை, எந்தக் குறைவு பெயர்ச்சி என்பது ஐயமறத் தெரியும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். முந்தைய கணக்கெடுப்புகளில் பிறந்த ஊரையும் இதற்கு முன் வாழ்ந்த ஊரையும் பெயர்ந்து வந்த காரணத்தையும் கேட்டிருக்கிறார்கள். அவசரத்தில் பலர் அக்கேள்விகளுக்கு ஏதோ ஒரு விடையைச் சொல்லி அனுப்பிவிடுவதுண்டு. பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் இருக்கும் உங்கள் உறவினர்க்கு இதை எழுதுங்கள்: அங்கே வாசலில் நின்று கேட்பவரிடம் நாட்றம்பள்ளி என்றும், வந்த காரணம் இன்னது என்றும் பிழையின்றிச் சொல்லட்டும். இவ்வூரின் சரித்திரத்தில் வரப்போகும் அத்தியாயத்துக்குரிய ஆதாரங்களில் பாதி, இவ்வூருக்கு வெளியே அவர்கள் சொல்லும் விடைகளிலிருந்துதான் கிடைக்கப்போகிறது.